பலகையில் யாழ்ப்பாண முற்றுகை: போர் விளையாட்டின் விதிகளும் வரலாற்று உண்மையும்

யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தைகளிலும் வாசிகசாலைகளிலும் நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் சீட்டாட்டங்களுள் முந்நூற்று நாலு முதன்மையானது. சீட்டின் ஒவ்வொரு வகைக்கும் 76 புள்ளிகள், நான்கு வகைக்கும் 304 புள்ளிகள் என்னும் கணக்கு எங்கும் ஒன்றே. ஆயினும் அவ்வாட்டத்தின் நுண்விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவன. ஒரே ஊரில் வீட்டுக்கு வீடும் வேறுபடுவன. புதிதாக வந்து அமரும் ஒருவர் சீட்டைக் கையில் எடுக்குமுன் கேட்பது, இங்கே என்ன சட்டம் என்பதே. ஆட்டத்தை ஆக்கியோன் வகுத்த விதியோடு ஆடுவோர் தம் அனுபவங் கொண்டு சேர்த்துக்கொள்ளும் இவ்விதிகளை வீட்டுச் சட்டங்கள் எனலாம்.

பலகையில் ஆடப்படும் போர் விளையாட்டுகளுக்கும் இத்தகைய வீட்டுச் சட்டங்கள் உண்டு. உலகின் பல நாடுகளில், நிகழ்ந்த போர் ஒன்றை நிலப்படத்தின் மீது காய்களைக் கொண்டு மீண்டும் நடத்திப் பார்க்கும் ஆட்டங்கள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பெருகின. அவற்றை ஆடுவோர், அச்சிட்டு வந்த விதிகளோடு மனநிறைவு அடைவதில்லை. மழை பெய்தால் பீரங்கி வண்டி சேற்றில் புதைவது எங்கே, பசித்த படை பின்வாங்குவது எங்கே எனக் கேட்டுத் தாமே விதிகளை எழுதிச் சேர்க்கின்றனர். சேர்க்கும் விதி எத்தகையது, அதற்குச் சான்று யாது, அது வரலாற்றை விளக்குகின்றதா அன்றி மறைக்கின்றதா என்னும் வினாக்கள் அப்பொழுது எழுகின்றன. இவை விளையாட்டை மட்டும் பற்றிய வினாக்கள் அல்ல. வரலாறு எழுதும் முறையைப் பற்றிய வினாக்களுமாகும். யாழ்ப்பாணக் கோட்டை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் முற்றுகையிடப்பட்ட நிகழ்ச்சியை ஒரு பலகையில் அமைப்பதாயின் எவ்விதிகள் இன்றியமையாதன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சதுரங்கமும் அதன் குறைகளும்

போரைப் பலகையில் அமைத்த ஆட்டங்களுள் உலகெங்கும் பரவியது சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் காய்களாக்கிய இவ்வாட்டம் வட இந்தியாவில் உருப்பெற்று, பாரசீகஞ் சென்று, அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அறிவுக்கு அது பெருவிருந்து என்பதில் ஐயமில்லை. எனினும் போரின் படமாக நோக்குமிடத்து அதன் குறைகள் வெளிப்படும். இரு பக்கத்திலும் 16 காய்கள். வலிமையில் ஏற்றத்தாழ்வு இல்லை. 64 கட்டங்களும் ஒரே தன்மையன. மேடில்லை, பள்ளமில்லை, நீரில்லை. எதிரியின் காய் ஒவ்வொன்றும் கண்ணெதிரே நிற்கின்றது. காய்கள் உண்பதில்லை, நோயுறுவதில்லை. இவை யாவற்றிற்கும் மேலாக, அப்பலகையில் படையினர் அல்லாத மனிதர் ஒருவரேனும் இல்லை.

நாட்டுப்புறத்து ஆடுபுலி ஆட்டம் இவ்வகையில் உண்மைக்குச் சற்று நெருங்கியது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் அவ்வாட்டத்தில் இரு பக்கத்தாரும் சமமானவர் அல்லர். அவர்தம் நோக்கமும் ஒன்றன்று. புலி பாய்ந்து வெட்டி வெல்லும். ஆடுகளோ புலியை வெட்டுவதில்லை. அது நகர வழியின்றிச் சூழ்ந்து அடைப்பதே ஆடுகளின் வெற்றி. முற்றுகை என்பதன் சாரமும் இதுவே. அடைத்தவன் அடிக்கவேண்டியதில்லை, காத்திருந்தால் போதும்.

ஐரோப்பாவில் சதுரங்கத்தின் குறைகளைத் திருத்த முற்பட்டோருள் ஹெல்விக் என்பார் ஒருவர். அவர் 1780ஆம் ஆண்டில் ஆற்றையும் மலையையும் சதுப்பையும் வேறுவேறு நிறங்களாற் காட்டிய ஒரு பெரும் பலகையை வெளியிட்டார். பிரசியாவில் றைஸ்விற்ஸ் என்னும் தந்தையும் மகனும் இதனை மேலும் வளர்த்தனர். மகன் 1824இல் வெளியிட்ட விதிகளின்படி ஆட்டம் கட்டங்களின் மீது நடைபெறவில்லை. 1:8000 அளவிலான உண்மையான நிலப்படத்தின் மீது நடைபெற்றது. ஒரு முறை என்பது இரண்டு நிமிடத்தைக் குறித்தது. சூட்டினால் நேரும் இழப்பு அட்டவணையையும் தாயக்கட்டையையுங் கொண்டு கணிக்கப்பட்டது. இரு பக்கத்துக்கும் நடுவே நடுவர் ஒருவர் அமர்ந்து, அவ்வப் பக்கத்தார் உண்மையிற் காணக்கூடியதை மட்டுமே அவர்களுக்கு அறிவித்தார். பிரசியப் படை இதனைத் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கென ஏற்றுக்கொண்டது. காலப்போக்கில் விதிகளும் அட்டவணைகளும் பெருகி ஆட்டம் நகரமுடியாத நிலை தோன்றவே, வெர்டி து வெர்னுவா என்னும் அதிகாரி 1876இல் அட்டவணைகளை ஒதுக்கி நடுவரின் அனுபவ அறிவுக்கே முதலிடம் அளித்தார். விதி குறைந்தால் பொய்ம்மை. விதி மிகுந்தால் முடக்கம். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே வீட்டுச் சட்டம் எழுதுவோரின் தொழிலாகும்.

முற்றுகை நடந்த வரலாறு

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தனர். நல்லூரை விடுத்துக் கடனீரேரியின் கரையில் நாற்சதுரமான கோட்டை ஒன்றை எழுப்பி அதனையே ஆட்சித் தலமாக்கினர். நாற்பது ஆண்டு கழியுமுன் அவர்தம் ஆதிக்கம் சரியலாயிற்று. 1656 மே மாதத்தில் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658 பெப்ரவரியில் றிக்லொவ் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தப் படை மன்னாரைக் கைப்பற்றியது. அங்கிருந்து நிலவழியே வடக்கு நோக்கி நடந்து, கடனீரேரியைக் கடந்து, மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்தது. ஊர்காவற்றுறைக் கடலில் நின்ற கடற்கோட்டை ஏப்ரலிலும் யாழ்ப்பாணக் கோட்டை யூன் மாதப் பிற்பகுதியிலும் பணிந்தன. இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி அத்துடன் முற்றுப்பெற்றது.

இம்முற்றுகையைப் பற்றிக் கோட்டைச் சுவரின் இரு புறத்திலும் நின்றவர்கள் எழுதிய நூல்கள் உள்ளன. ஒல்லாந்தப் படையுடன் வந்த சமயகுரு பல்தேயஸ் தம் நூலை 1672இல் வெளியிட்டார். போர்த்துக்கேயப் படையிற் பணியாற்றிச் சிறைப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யோவாவோ ரிபெய்ரோ, இலங்கையின் வீழ்ச்சியை எடுத்துரைக்கும் தம் நூலை 1685இல் எழுதி முடித்தார். வென்றவரும் தோற்றவரும் எழுதிய நூல்கள் ஒருங்கே கிடைப்பது வரலாற்று மாணவர்க்கு வாய்ப்பாகும். விதி எழுதுவோர்க்கும் இவையே முதற் சான்றுகள்.

இதனைப் பலகையில் அமைப்போர் ஒருவர் சதுரங்க மரபைப் பின்பற்றுவாராயின் என்ன நிகழும்? கோட்டைக்கு ஒரு காப்பு எண். பீரங்கிக்கு ஒரு தாக்கு எண். தாயக்கட்டையை உருட்டிச் சுவர் உடைந்ததா எனப் பார்ப்பது. இவ்வாட்டத்தில் வான் கூன்ஸ் ஒவ்வொரு முறையும் தாக்கவே முயல்வார். உண்மையில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த இம்முற்றுகையின் முடிவை நிர்ணயித்தன பசியும் நோயும் உதவி வாராமையுமே. ஆகவே அச்சிட்ட விதி எதனை எண்ணவில்லையோ அதுவே இங்கு வரலாறாயிற்று. திருத்தம் அங்கேதான் தொடங்கவேண்டும்.

நீர் விதி

திருக்குறளில் அரண் என்றோர் அதிகாரம் உண்டு. அரணின் உறுப்புகளை எண்ணும் குறள் அங்கே நீரையே முதற்கண் வைக்கின்றது. நிலமும் மலையும் காடும் அதன் பின்னரே வருகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, பெருங்காடு இல்லை, ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கியாறு மாரிகாலத்தில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கல் நிலத்தினுள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்க, அதனைக் கிணறுகளே மனிதர்க்கு அளிக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஆகவே குடாநாட்டில் நல்ல கிணறு உள்ள இடமே நிலைகொள்ளத்தக்க இடம்.

கடற்கோட்டையின் வீழ்ச்சி இதற்குத் தக்க சான்று. நாற்புறமும் கடல் சூழ நின்ற அக்கோட்டையை ஏறிப் பிடித்தல் எளிதன்று. கடலே அதற்கு அகழி. ஆனால் அந்த அகழியின் நீர் குடிக்கத் தக்கதன்று. குடிநீர் தீர்ந்தமையே அது பணிந்தமைக்குக் காரணமாயிற்று. அச்சிட்ட விதிப்படி காப்பு எண் மிகப் பெரிதாயிருக்கவேண்டிய கோட்டை, உண்மையில் முதலில் வீழ்ந்தது.

ஆகவே நீர் விதி பின்வருமாறு அமையலாம். ஒரு முறை ஒரு வாரத்தைக் குறிப்பதாகக் கொண்டால் முழு முற்றுகையும் ஏறத்தாழப் பதினைந்து முறைகளுள் அடங்கும். ஒவ்வொரு கோட்டைக்கும் நீர்க் காய்கள் சில வழங்கப்படவேண்டும். உள்ளிருப்போர் தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் அவை குறையும். மழை பெய்தாலன்றி அவை கூடா. கடற்கோட்டைக்கு மிகச் சில காய்களும், கிணறுகளுள்ள நிலக்கோட்டைக்கு அதனினும் மிகுதியும் அளிக்கப்படவேண்டும். இவ்விதி ஒன்று சேர்ந்த அளவிலேயே ஆடுவோரின் சிந்தனை மாறுகின்றது. எத்தனை வீரர் உளர் என்பதைவிட எத்தனை பேர் குடிக்கின்றனர் என்னும் கணக்கு முதன்மை பெறுகின்றது.

காற்று விதி

இரண்டாவதாகக் கருதவேண்டியது பருவம். குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மாரியிலேயே பெய்கின்றது. முற்றுகை மார்ச்சில் தொடங்கி யூனில் முடிந்தது. அதாவது மாரி நீங்கிக் கிணறுகள் வற்றத் தொடங்கும் வேளையில் கோட்டைக் கதவுகள் மூடப்பட்டன. அடுத்த மாரிக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருக்கும்போதே அவை திறக்கப்பட்டன. வானத்திலிருந்து வரக்கூடிய உதவி அக்காலம் முழுவதும் பெரிதாக இல்லை.

கடலிலிருந்து வரக்கூடிய உதவியும் காற்றையே சார்ந்திருந்தது. போர்த்துக்கேயரின் தலைநகராகிய கோவா இந்தியாவின் மேற்குக் கரையில் உள்ளது. சோளகக் காற்று வலுக்கும் யூன் மாதம் முதல் அக்கரையின் துறைமுகங்கள் பாய்க்கப்பல்களுக்கு மூடப்பட்டனவேயாம். காற்று இடந்தரும் மாதங்களிலோ ஒல்லாந்தக் கப்பல்கள் கோவாவின் வாயிலை மறித்து நின்றன. ஆக, நல்ல பருவத்தில் எதிரி, தீய பருவத்தில் கடல் என இரண்டும் மாறி மாறி உதவியைத் தடுத்தன.

இதனைப் பலகையில் காட்டுதல் எளிது. முறைகளை எண்ணும் பட்டியில் மார்ச், ஏப்ரல், மே, யூன் எனக் குறித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் கோவாவிலிருந்து கப்பல் வருவதற்கான வாய்ப்பைத் தாயக்கட்டையின் எண்ணாகக் குறிக்கலாம். மே மாதத்துடன் அவ்வாய்ப்பு அற்றுப்போகும். அவ்வளவில், கோட்டைக்குள் இருப்பவரின் நம்பிக்கைக்கும் ஓர் எல்லை தோன்றுகின்றது. உதவி வருமென்று எண்ணும் வரை பசியைப் பொறுப்பவர், வாராதென அறிந்த அன்றே உடன்படிக்கை பற்றிச் சிந்திப்பர்.

சுவரின் வலிமை தனித்து நில்லாது என்பதற்குப் பிற்கால எடுத்துக்காட்டும் உண்டு. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரின் சதுரக் கோட்டையை நீக்கி ஐங்கோணமான பெருங்கோட்டையை எழுப்பினர். அதன் வெளியரண்கள் 1792இலேயே நிறைவெய்தின. மூன்று ஆண்டு கழித்து, 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது அக்கோட்டை எதிர்ப்பின்றியே கைமாறிற்று. கல்லின் கனத்தை மட்டும் எண்ணும் விதி இந்நிகழ்ச்சியை ஒருபோதும் விளக்காது.

துறை விதி

மூன்றாவது, வழியும் துறையும் பற்றியது. குடாநாடு கட்டங்களாகப் பிரித்த பலகை போன்று எப்பக்கமும் திறந்ததன்று. தெற்கே கடனீரேரிகள் கிடக்கின்றன. கிழக்கே மணற்பரப்பு நீள்கின்றது. யானைகள் கடந்த ஆனையிறவும் தோணிகள் கடந்த பூநகரித் துறையுமே பெருநிலத்துடன் இதனை இணைத்த முக்கிய வழிகள். 1619இலும் 1658இலும் படைகள் மன்னார்ப் பக்கமிருந்து நிலவழியே வந்து கடனீரேரியைக் கடந்தன. 1591இல் அந்திரே பூர்த்தாடோ கடல்வழியே வந்து நல்லூரைத் தாக்கினான். ஆழங்குறைந்த இக்கடலில் பெருங்கப்பல்கள் கோட்டை வரை வருதல் இயலாது. ஊர்காவற்றுறையே அவற்றின் வாயில். அதனாலேயே வன்னி யானைகளை ஏற்றுமதி செய்த அத்துறையின் முகத்தில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். ஒல்லாந்தரும் அதனைப் பிடித்த பின்னரே யாழ்ப்பாணக் கோட்டையின் கடற்பக்கத்தை முற்றாக அடைக்க முடிந்தது.

எனவே பலகையில் கட்டங்களை நீக்கித் துறைகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் வரைதல் தகும்; ஆடுபுலி ஆட்டத்தின் கோட்டுப்படமே இதற்கு நல்ல முன்மாதிரி. ஒரு துறையை ஒரு முறையில் இத்தனை காய்களே கடக்கலாம் என்னும் வரம்பும் வேண்டும். தோணிகளின் தொகைதான் அவ்வரம்பு.

மறைவு விதி

நான்காவது, அறியாமை பற்றியது. வான் கூன்ஸ் கோட்டைக்குள் எத்தனை மூட்டை அரிசி உள்ளதென அறியார். கோட்டைத் தலைவர் கோவாவில் என்ன நடக்கின்றதென அறியார். இருவரும் அறியாதவற்றை ஆடுவோர் இருவரும் அறிவாராயின், ஆட்டம் வரலாறாகாது. பிரசியர் இதன் பொருட்டு நடுவரை அமர்த்தினர். யாழ்ப்பாணத்தவர்க்கு இது புதிதன்று. முந்நூற்று நாலில் கேட்டவர் தம் துரும்பை முகங்கவிழ்த்து வைத்தே ஆட்டத்தைத் தொடங்குகின்றார். மறைந்து கிடக்கும் அந்த ஒரு சீட்டே ஏனைய மூவரின் ஆட்டத்தையும் ஆளுகின்றது. கோட்டையின் உணவுக் காய்களும் நீர்க் காய்களும் அவ்வாறே கவிழ்ந்து கிடக்கவேண்டும். கோவாவிலிருந்து கப்பல் புறப்பட்டதா என்பதை நடுவர் மட்டுமே அறிந்திருக்கவேண்டும்.

மக்கள் விதி

இதுகாறும் கூறிய நான்கு விதிகளும் தளபதிகளின் நிலையிலிருந்து நோக்கியன. ஐந்தாவது விதி வேறு நிலையிலிருந்து எழுவது. 1658இல் கோட்டைக்குள் அடைபட்டவர் படைவீரர் மட்டும் அல்லர். கொழும்பையும் மன்னாரையும் இழந்து வந்த குடும்பங்களும், நகரிலிருந்து உள்ளே ஓடிய பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அங்கிருந்தனர். நீரைக் குடித்தவரும் நோயில் மடிந்தவரும் அவர்களே. வீரரை மட்டும் எண்ணும் ஆட்டத்தில் மூன்று மாதத்தில் நீர் தீர்ந்தமைக்கும் நோய் பரவியமைக்கும் காரணம் விளங்காது. எனவே மக்களைக் காயாக்குதல் இரக்கத்தின் பொருட்டு மட்டும் வேண்டுவதன்று. கணக்கின் பொருட்டும் வேண்டுவதாகும்.

கோட்டைக்கு வெளியிலிருந்த மக்களும் வெறும் நிலப்பரப்பின் பகுதியல்லர். 1560ஆம் ஆண்டில் கோவாவின் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையுடன் வந்து நல்லூரைப் பிடித்தான். சங்கிலி மன்னன் தப்பியோடி, பின் உடன்படிக்கைக்கும் இசைந்தான். தலைநகரைப் பிடித்தவனே வென்றவன் என்னும் சதுரங்க விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கவேண்டும். ஆனால் நாட்டு மக்கள் கிளர்ந்தெழவே அரசப்பிரதிநிதி யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கி, மன்னாரில் கோட்டை அமைத்து அமைதியுற்றான். அரசனுக்கு முற்றுகை வைத்தவுடன் முடியும் ஆட்டத்தில் இந்நிகழ்ச்சிக்கு இடமேயில்லை.

மக்களைக் காயாக்குவதெனின், அக்காயை நகர்த்தும் கை யாருடையது? ஒல்லாந்தர் பக்கத்து ஆட்டக்காரர்க்கு அளித்தால் அவர் அதனைச் சுமைகூலியாகவே பயன்படுத்துவார். போர்த்துக்கேயர் பக்கத்தவர்க்கு அளித்தால் கேடயமாக்குவார். இருவரும் அன்று செய்ய விரும்பியது அதுவாகலாம். ஆனால் மக்கள் அவ்விருவர் விருப்பின்படி மட்டும் நடந்தவர் அல்லர். ஆகவே மக்கட் காய் எவர் கையிலும் இருத்தலாகாது. அது நடுவரின் பொறுப்பில், நீரும் உணவும் அச்சமும் எங்கே தள்ளுகின்றனவோ அங்கே நகரவேண்டும். இறந்த மக்கள் பலகையிலிருந்து நீக்கப்படாது, ஆட்டம் முடியும் வரை இரு பக்கத்தாரின் கண்முன்னும் அடுக்கி வைக்கப்படவேண்டும். வெற்றிப் புள்ளியைக் கணக்கிடும்போது இரு பக்கத்தாரின் புள்ளியிலிருந்தும் அவை கழிக்கப்படவேண்டும். அவ்வாறாயின் கோட்டையைப் பிடித்தும் தோற்றவராகலாம். கோட்டையைக் காத்தும் தோற்றவராகலாம்.

இவ்விதி மிகையானது என எண்ணுவோர் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்கவேண்டும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது அதே கோட்டையில் இருந்த இலங்கைப் படையினரை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். செப்ரெம்பரில் மண்டைதீவுப் பக்கமிருந்து கடனீரேரியைக் கடந்து மீட்புப் படை வந்தது. அம்மாதம் 26ஆம் நாள் படையினர் கோட்டையை விட்டு வெளியேறினர். படைவரலாற்றில் இவை சில வரிகள். ஆனால் கோட்டையைச் சூழ்ந்த நகரின் மக்கள் குண்டுவீச்சிலும் எறிகணையிலும் வீடிழந்து அகன்றனர். கோட்டைக்குள் 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயமும் அப்போரில் அழிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிடையே நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். துறை விதியில் கூறிய வரம்பு அன்று ஒரு பாலத்தின் அகலமாயிற்று. அப்பாலத்தைக் கடந்தவர்க்கு எந்தப் பலகையிலும் காய் இருந்ததில்லை.

திருத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை

விதியைத் திருத்தும் உரிமை எல்லா வேளையிலும் உண்மையின் பொருட்டே பயன்பட்டதன்று. 1942 மே மாதத்தில், மிட்வே தீவுத் தாக்குதலுக்கு முன்னர் ஜப்பானியக் கடற்படை ஒரு போர் ஆட்டத்தை நடத்தியது. அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் மீது ஒன்பது குண்டுகளைப் பாய்ச்சின எனத் தாயக்கட்டை காட்டவே, நடுவராக இருந்த உகாக்கி என்னும் தளபதி அதனை மூன்றாகக் குறைத்தார் என்று அப்படையின் விமான அதிகாரி பூச்சிதா பின்னர் எழுதினார். அடுத்த மாதம் நடந்த உண்மைப் போரில் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. கடலில் விதியைத் திருத்துவார் எவரும் இல்லை.

வீட்டுச் சட்டம் எழுதுவோர் இதிலிருந்து பெறவேண்டிய பாடங்கள் மூன்று. முதலாவது, சான்று உள்ள இடத்திலேயே விதி பிறக்கவேண்டும்; தாம் விரும்பும் பக்கம் வெல்வதற்காக அன்று. இரண்டாவது, ஆட்டம் தொடங்குமுன் விதி முடிவாகவேண்டும்; இடையில் மாற்றுதல் ஆகாது. மூன்றாவது, ஒவ்வோர் ஆட்டமும் 1658 யூனில் கோட்டை பணிவதாகவே முடியவேண்டும் என எதிர்பார்த்தலும் தவறு. உண்மைத்தன்மை என்பது நிகழ்ந்த முடிவையே மீண்டும் காட்டுவதன்று. அன்றிருந்தவர் அறிந்ததை மட்டும் அறிந்து, அவர் பட்ட தடைகளுக்குட்பட்டு, அவர் முன் நின்ற வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையை உண்டாக்குவதே உண்மைத்தன்மையாகும். ஒரு முறை கோட்டை மே மாதத்திலேயே வீழலாம். மற்றொரு முறை மாரி வரை தாக்குப்பிடிக்கலாம். அப்போதுதான் யூன் மாதத்து வீழ்ச்சிக்குரிய காரணங்களின் எடை தெளிவாகும்.

முடிவுரை

எந்த ஆட்டமும் போரை முழுமையாகக் காட்டாது. எந்த வரலாற்று நூலும் அவ்வாறே. இரண்டும் சிலவற்றை எண்ணிப் பலவற்றை விடுகின்றன. சிறுவரின் ஈயப் படைவீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு 1913இல் விதிநூல் எழுதிய எச். ஜி. வெல்ஸ், உண்மைப் போரின் மடமையை உணர்த்தவும் அவ்விளையாட்டு உதவும் எனக் கருதினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. ஆட்டம் போரைத் தடுத்துவிடும் என நம்புதல் பேதைமை. ஆனால் எதனை எண்ணாமல் விட்டோம் என்பதை அது வெளிப்படையாகக் காட்டவல்லது. நூலில் மறைந்து நிற்கும் குறை பலகையில் வெற்றிடமாகத் தெரியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் போர்களை எழுதுவோர் அரசரையும் தளபதிகளையும் அவர்தம் நகர்வுகளையும் நன்கு எழுதியுள்ளனர். கிணற்றையும் காற்றையும் துறையையும், யாருடைய படையிலும் சேராது எல்லாப் படைக்கும் விலை கொடுத்தவரையும் அந்த அளவுக்கு எழுதியதாகக் கூறமுடியாது. அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுக்கும் ஒரு விதி, பலகையின் ஓரத்தில் கையாற் குறித்த ஒரு வீட்டுச் சட்டமாகவே முதலில் தோன்றலாம். முந்நூற்று நாலு ஆட வந்தவர் சீட்டை எடுக்குமுன் கேட்கும் கேள்வியை, வரலாறு கற்க வருவோரும் நூலைத் திறக்குமுன் கேட்டல் நன்று: இங்கே யாரை எண்ணுவது சட்டம், யாரை விடுவது சட்டம்?